அம்மா வூட்டுக்குப் போனா மட்டும் நிக்கிற பியட்டு

"பாண்டிக்குப் போனீங்க, நின்னுச்சா? பண்ருட்டிக்குப் போனீங்க, நின்னுச்சா? எங்க அம்மா வூட்டுக்குப் போனா மட்டும் எப்படிங்க நிக்குது?"

"கார்பரேட்டர்ல அடைப்பு இருக்கும் சந்திரா."

"அடைப்பு கார்பரேட்டர்ல இல்ல. உங்க மனசுல."

கடலூர் மஞ்சக்குப்பத்துல கொளஞ்சியப்பன் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். ஒட்டுக்கேக்க வேண்டிய அவசியமே இல்ல. டிவியை கொஞ்சம் கொறச்சா போதும்.

இந்த வருஷம், 2007 வைகாசியில நடந்த கதை இது. கொளஞ்சிக்கு ஓ.டி.யில, அதான் ஓல்டு டவுன்ல, ஹார்டுவேர் கடை. நல்ல மனுஷன், பொய் சொன்னா காது செவந்துடும். அவர்கிட்ட இருந்தது 86 மாடல் பியட்டு, பிஸ்கட் கலரு. அது முதல்ல அவரு மாமனார் தட்சிணாமூர்த்தியோட வண்டி. சிதம்பரத்துல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்ட முடியாம மாப்பிள்ளைக்கே குடுத்துட்டாரு.

வண்டி ஊருக்குள்ள ராஜா மாதிரி ஓடும். சிதம்பரம் போறப்ப மட்டும், ஆலப்பாக்கம் தாண்டுனதும் இழுவை கொறையும், ரெண்டு தும்மல் போடும், நின்னுடும். கொஞ்ச நேரம் வுட்டா ஸ்டார்ட் ஆவும். இன்னும் கொஞ்சம் போயி திரும்ப நிக்கும். பெட்ரோல் சரியா வந்து சேரலன்னு கொளஞ்சிக்கே தெரியுது. ஏன் சேரலங்கறதுதான் தெரியல. பொங்கலுக்கு அப்படித்தான் பாதி வழியில திரும்பி வந்தாங்க. மாசி மகத்துக்கும் அதே கதை.

அவரு சம்சாரம் சந்திரலேகா சந்தேகப்பட்டதுலயும் தப்பு சொல்ல முடியாது. கொளஞ்சிக்கு மாமியார் வீடுன்னா கொஞ்சம் கசப்புதான். மாமியார் ரத்தினம்மாள் எலை நெறைய சோத்தை போட்டுட்டு, எதிர்லயே உக்காந்து, நெய்வேலியில இருக்கிற மூத்த மாப்பிள்ளை கட்டுன மாடி வீட்டைப் பத்தி சொல்லுவாங்களாம். இவரு ரசம் முடிக்கிறதுக்குள்ள அவங்க மொட்டை மாடிக்கு வந்துடுவாங்க.

இப்ப சந்திரலேகாவோட தம்பி பாலகுமாருக்கு நிச்சயதார்த்தம். ஞாயித்துக்கிழமை காலையில, சிதம்பரத்துல ஒரு மண்டபத்துல. நாத்தனார் கையாலதான் பொண்ணுக்கு பொடவை குடுக்கணும். அந்த நாத்தனார் இவங்கதான்.

"இந்த தடவையும் நின்னுச்சுன்னா நான் எங்க அம்மா வூட்டுலயே இருந்துக்கறேன். நீங்க உங்க வண்டியோட குடும்பம் நடத்துங்க" அப்படின்னாங்க.

பஸ்ஸுல போயிடலாமேன்னு நான் கொளஞ்சிகிட்ட மெதுவா சொன்னேன். பஸ்ஸுல போனா நான் செஞ்சதை நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார்னாரு. அதுவும் சரிதான்.

மெக்கானிக் சிங்காரத்தை வரவழைச்சாரு. சிங்காரம் கார்பரேட்டரைக் கழட்டி, பெட்ரோல் வர்ற ஜெட்டு ஓட்டையை ஊதி, கழுவி மாட்டுனாரு. தேவனாம்பட்டினம் பீச் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. சும்மா வழுக்கிக்கிட்டு போச்சு. கொளஞ்சி சந்தோஷமா உள்ள போயி சொன்னாரு. பீச்சுக்கு ஓடும், எனக்குத் தெரியாதான்னு பதில் வந்துச்சு.

அடுத்த நாள் பெட்ரோல் பம்ப்பைப் பிரிச்சு உள்ள இருக்கிற ரப்பரை மாத்துனாங்க. பில்டர் புதுசு. டேங்குலேந்து வர்ற குழாயில சிங்காரம் வாயை வச்சு ஊதுனாரு, டேங்குக்குள்ள குமிழி வர்ற சத்தம் எனக்கே கேட்டுச்சு. திரும்ப பண்ருட்டிக்கு ஒரு ஓட்டம். எண்பதுல போயிட்டு எண்பதுல வந்துச்சு.

இங்கதான் விஷயம் கெட்டுப்போச்சு. வண்டி நல்லா ஓட ஓட, கொளஞ்சி மேல குத்தம் ஜாஸ்தி ஆச்சு. சிங்காரம் வேற நல்லது செய்யறதா நெனச்சு, வாசல்ல நின்னுக்கிட்டு சாட்சி சொன்னாரு.

"அண்ணி, சாமி சத்தியமா சொல்றேன், வண்டியில ஒரு கொறையும் இல்ல."

"அதைத்தானே தம்பி நானும் ஆறு மாசமா சொல்றேன்" அப்படின்னாங்க சந்திரலேகா. சிங்காரம் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு.

சனிக்கிழமை கொளஞ்சிக்கு ஒரு யோசனை. பொண்டாட்டியையே பக்கத்துல உக்கார வச்சு ஆலப்பாக்கம் வரைக்கும் ஓட்டிக் காட்டிடலாம், நின்னா அவங்க கண்ணு முன்னாலயே நிக்கட்டும்னு. அழைச்சுக்கிட்டு போனாரு. நிக்கல. புதுச்சத்திரம் வரைக்கும் போனாரு. நிக்கல. நில்லு நில்லுன்னு ஒரு மனுஷன் தன் வண்டிகிட்ட கெஞ்சினது அன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கும்.

 திரும்பி வந்து வீட்டு வாசல்ல எறங்குறப்ப சந்திரலேகா கேட்டாங்க. "இன்னைக்கு அம்மா வூட்டுக்குப் போவலன்னு வண்டிக்கு யாரு சொன்னது?"

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் டிக்கியில சாமான் ஏத்துனாங்க. பலாப்பழம், தேங்கா, தாம்பாளம், பொடவைப் பெட்டின்னு அமுக்கி மூடுனாங்க. கொளஞ்சி முன்ஜாக்கிரதையா காலடியில ஒரு கேன்ல பெட்ரோலும், கடையிலேந்து லெவல் டியூப் ஒரு சுருளும் வச்சுக்கிட்டாரு. கொத்தனாருங்க தண்ணி மட்டம் பாப்பாங்களே, அந்த டியூப்.

ஆலப்பாக்கம் தாண்டுச்சு. ரெண்டு தும்மல். நின்னுச்சு.

பானட்டைத் தொறந்து, சூடா இருக்கும்னு பம்ப்பு மேல ஈரத்துணி போட்டாரு. குடிக்க வச்சிருந்த தண்ணி பூரா அதுக்கே போச்சு. புதுச்சத்திரம் வந்து திரும்ப நின்னுச்சு. பொடவையில இருந்த பின்னைக் கேட்டாரு, ஜெட்டைக் குத்தணும்னு. சந்திரலேகா குடுத்தாங்க. குத்துனதுல பின்னு மொனை ஒடஞ்சு ஜெட்டுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. அதை எடுக்கிறதுக்குள்ள சட்டை, வேட்டி, மூஞ்சி எல்லாம் கருப்பு. முகூர்த்த நாள் வேற, வந்த பஸ்ஸெல்லாம் படியில ஆளோட போச்சு.

கடைசியா கொளஞ்சி ஒரு முடிவுக்கு வந்தாரு. கார்பரேட்டருக்கு வர்ற குழாயைக் கழட்டிட்டு, லெவல் டியூப்பை மாட்டுனாரு. மறு முனையை ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில்ல சொருகி, பெட்ரோலை ஊத்தி, பாட்டிலை சந்திரலேகா கையில குடுத்து, ஜன்னலுக்கு வெளியில தூக்கிப் புடிக்கச் சொன்னாரு. கையைக் கீழ எறக்குனா வண்டி நின்னுடும்னு மட்டும் சொன்னாரு. இதெல்லாம் யாரும் செஞ்சு பாக்காதீங்க, நெருப்பு வெளையாட்டு.

பட்டுப் பொடவை, தலை நெறைய மல்லி, நீட்டுன கையில பாட்டில். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற மாதிரி. முட்லூர் கிட்ட டிவிஎஸ் பிப்டியில பக்கத்துல வந்த ஒரு பெரியவரு, யாருக்கும்மா ஒடம்பு முடியலன்னு அக்கறையா கேட்டாராம். சந்திரலேகா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. ஆனா கையை எறக்கல.

அப்படியே மண்டப வாசலுக்கு வந்து சேந்தாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் வெளியில வந்து பாத்தாங்க. நல்ல நேரம் முடிய கொஞ்சம்தான் இருந்துச்சு. சந்திரலேகா பொடவைப் பெட்டியை எடுத்துக்கிட்டு நேரா மேடைக்குப் போயி பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. மண்டபமே பெட்ரோல் வாசனை. தம்பி நிச்சயதார்த்தம் தப்பிச்சுடுச்சு. கொளஞ்சி தப்பிக்கல. பந்தியில சந்திரலேகா அம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஒரு வாரம் இங்கதான் இருக்கப் போறேம்மான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. ரத்தினம்மாள் நெய்வேலி மாப்பிள்ளை பக்கமா ஒரு பார்வை பாத்தாங்க.

கொளஞ்சி சாப்புடாம வெளியில வந்து வண்டி மேல சாஞ்சு நின்னாரு. மாமனார் தட்சிணாமூர்த்தி வெத்தலை மடிச்சுக்கிட்டே பின்னாடி வந்தாரு. என்ன ரிப்பேருன்னு கேட்டாரு. கொளஞ்சி அழாத குறையா எல்லாத்தையும் சொன்னாரு, ஜெட்டு, பம்ப்பு, பில்டர், பின்னு வரைக்கும்.

பெரியவரு மண்டப வாசலை ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கிட்டாரு. டிக்கியைத் தொறக்கச் சொன்னாரு. ஓரமா சாஞ்சு கெடந்த பலாப்பழத்தை ரெண்டு கையாலயும் தூக்கி வெளியில வச்சாரு. பழம் அழுத்திக்கிட்டு இருந்த டிக்கி ஓரத்து அட்டை டப்புன்னு நிமிந்துச்சு. அதை வெலக்கிக் காட்டுனாரு. அட்டைக்குப் பின்னாடி, டேங்குலேந்து வர்ற குழாயில, அட்டையோட சேத்துக் கட்டுன ஒரு சின்ன பித்தளை டேப், தொறந்து மூடுற திருகு. சாமான் அழுத்துனா பாதி மூடிக்கும். எறக்குனா தொறந்துக்கும். சந்திரலேகா அம்மா வீட்டுக்கு வெறுங்கையா கெளம்புனதே இல்ல.

"திருட்டு பயத்துக்குப் போட்டதா மாமா?"

"திருட்டாவது ஒண்ணாவது" அப்படின்னாரு பெரியவரு, கொரலைத் தாழ்த்தி. "உங்க அத்தைக்குப் பொறந்த வூடு கம்மாபுரம் மாப்ள. நான் ஓட்டுன வரைக்கும் அங்க போற வழியில இந்த வண்டி சேத்தியாத்தோப்பைத் தாண்டுனதே இல்ல."

சொன்னதைச் சொல்லிட்டு, யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு கையைப் புடிச்சுக்கிட்டாராம்.

இப்ப கொளஞ்சி நெலமை இதுதான். உண்மையைச் சொன்னா இவரு தப்பிச்சுடுவாரு, ரத்தினம்மாள்கிட்ட அந்தப் பெரியவரு மாட்டிக்குவாரு. சொல்லலன்னா காலத்துக்கும் இவருதான் குத்தவாளி. சந்திரலேகா திரும்பி வந்துட்டாங்க, ஆனா இன்னும் சரியாப் பேசல. அந்த டேப்பை கழட்டியாச்சான்னு நேத்து கேட்டேன். சிங்காரத்துக்கு நேரம் கெடைக்கல சார்னாரு. காது செவந்துடுச்சு.

சொல்லலாமா, வேணாமா? டேப்பு இருக்கணுமா, போவணுமா? மாமனார் உள்ளவங்க, மாமியார் உள்ளவங்க, ரெண்டு பேரும் உள்ளவங்க, யாரா இருந்தாலும் சரி, தயவுசெஞ்சு உங்க பதிலை கீழ எழுதுங்க. அவரு சுவத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்காரு.