ஜப்பான்காரியின் சொல்லும் உன் அக்காவின் பிடிவாதமும்

பழுகாமம்,
மார்கழி மழைக்கிடையில் ஒரு ஞாயிறு.

பாசத்துக்குரிய மச்சான் சுபாகரனுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்றுதான் முதல் வரி இருக்க வேண்டுமாம். இருப்பதாக நினைத்துக்கொண்டு கீழே வா.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை நீ சுவிஸிலிருந்து போன் எடுத்து, "அத்தான், நான் வாங்கித் தந்த ஜீப் எப்பிடி ஓடுது?" என்று கேட்டபோது, "இந்தா, நீயே கேள்" என்று போனை யன்னலுக்கு வெளியே நீட்டினேனே, நீயும் "இஞ்சின் நல்ல சோக்காக் கிடக்கு" என்று சந்தோசப்பட்டாயே, அது பக்கத்து வளவுப் பாலசுந்தரத்தாரின் உழவு மெஷின். உண்மையைப் போனில் சொல்ல வழியில்லை. உன் அக்கா சுலோஜனா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்ட நான் இந்த வயதில் பேனை பிடித்திருக்கிறேன். எழுத்துப் பிழை கண்டால் மழையில் நனைந்தது என்று நினைத்துக்கொள்.

மாரியில் எங்கள் றோட்டு வெள்ளத்துக்குள் போய்விடும், ஓட்டோக்காரன் வரமாட்டான், அக்காவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் ஆசுபத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வாகனம் இருந்தால்தான் சரி என்று நல்ல மனதோடுதான் நீ அதை வாங்கித் தந்தாய். குறை சொல்லவில்லை. ஆனால் ஜப்பானில் ஆரோ ஓடிக் களைத்துக் கைவிட்ட வாகனத்துக்கு இவ்வளவு வாய் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லையே. திறப்பை முறுக்கினால் முன்னுக்கு எரிகிற லைட்டுகள் கொக்கட்டிச்சோலைத் தேருக்குக்கூட எரியாது. இடப்பக்கம் வெட்டினால் வைப்பர் ஆடுகிறது. வைப்பரைப் போட்டால் பின்கதவு திறக்கிறது. முன்சீற்றில் ஒரு நெல் மூட்டையை வைத்தேன், மூட்டைக்குப் பெல்ட் போடச் சொல்லிக் களுவாஞ்சிக்குடிச் சந்தை வரைக்கும் கீ கீ என்று கத்தியது. கடைசியில் மூட்டைக்குப் பெல்ட் போட்டுத்தான் கொண்டுபோனேன். சந்தையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன அருமைநாயகம், மாமியாரையோ ஏத்திக்கொண்டு வாறாய்?" என்று கேட்டார்கள். உன் அம்மாவைத்தான் சொன்னார்கள், நீ கோபிக்காதே.

காத்தான்குடியிலிருந்து பஹ்மி என்று வாகனம் திருத்துகிற ஒரு பொடியன் வந்தான். கையில் சாவணமும் இல்லை, கிறீசும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு சின்ன மெஷினைக் கொண்டுவந்து வயரைக் கொழுவிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணன், இது வாகனம் இல்ல. கம்பியூட்டர். ஓடுறத்துக்கு நாலு சில்லுப் போட்டிருக்கானுகள்."

"அப்ப வைரஸ் பூந்திட்டோ தம்பி?"

"பூந்தது எலி அண்ணன்."

நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியது என் பிழைதான். ஆனால் அந்த எலி நெல்லைத் தொடவில்லை மச்சான், வயரைத்தான் தின்றிருக்கிறது. பஹ்மி வயரைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்க, நான் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அவர் ஏறிப் போகிற வாகனமே எலிதான் என்பது உடைத்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

எப்படியோ ஓடத் தொடங்கியது. பிறகு மழை தொடங்கியது. ஓட்டோக்காரன் கையை விரித்தான். அக்காவை முதன்முதலாக ஜீப்பில் ஏற்றினேன். திறப்பை முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணினால் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிற ஜப்பான்காரி வழமைபோலச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். உன் அக்கா நெஞ்சில் கையை வைத்தாள்.

"கேட்டீங்களா?"

"என்னத்தை?"

"காடோ எண்டுது, சுடுகாட்டுக்கோ எண்டு. சாறதே எண்டுது, சாகப் போறதோ எண்டு. என்னை ஏத்தக்குள்ளதான் சொல்லுது."

"அவள் ஜப்பான் பாசை கதைக்கிறாள் புள்ள."

"சும்மா இரிங்க. நீங்களும் மறைக்கிறீங்க, டொக்டரும் சிரிச்சுச் சிரிச்சு மறைக்கிறார். இந்த வாகனத்துக்குத்தான் மறைக்கத் தெரியல்ல."

பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் படுத்துவிட்டாள். அன்றைய தவணை போயிற்று. அடுத்த தவணையும் போயிற்று. முகம் ஊதி, கால் ஊதி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இரவில் தலையணையை நிமிர்த்தி வைத்து இருந்தபடியே உறங்குகிறாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

பஹ்மியைத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நாட்டில் பெரிய றோட்டில் ஏறினால் காசு கழிக்கிறதுக்கு ஒரு காட் இருக்கிறதாம், அந்தக் காட்டைப் போடவில்லை என்றுதான் அவள் சொல்கிறாளாம். "ஜப்பான்காரனுக்குக் காட் எண்டு வாயில வராது அண்ணன், காடோ எண்டுதான் வரும்." நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மந்திரத்துக்கு அர்த்தம் சொன்ன வாய்தானே இது."

விசயம் என்னவென்றால், எங்கள் கலியாணத்தன்று ஐயர் சொன்ன மந்திரத்துக்கு நான் அவள் காதுக்குள் அர்த்தம் சொன்னேன். 'மாப்பிள்ளை சாப்பிடுகிற சோற்றுக் கோப்பையில் மீனின் நடுத்துண்டு இல்லாவிட்டால் பாவம்' என்று ஐயர் சொல்வதாகச் சொன்னேன். அவள் நம்பி எனக்கு நடுத்துண்டே வைத்துக்கொண்டு வந்தாள், உன் அம்மா கண்டுபிடிக்கும் வரைக்கும். அன்றிலிருந்து நான் சொல்கிற எந்தப் பாசைக்கும் இந்த வீட்டில் மதிப்பில்லை. வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டவனுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால் ஆர் நம்புவார், சொல்?

சரி, ஜப்பான்காரியின் வாயை அடைப்போம் என்று பார்த்தால், அவள் குரலுக்குரிய பியூசைக் கழற்றினால் நாலு சில்லு இழுப்பும் நின்றுவிடுகிறது. எலி தின்ற இடத்தில் எல்லா வயரும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோய்க் கிடக்கிறதாம். அப்படியென்றால் அவள் கேட்கிற காட்டையாவது கொடுப்போம் என்று என் வங்கிக் காட்டை, காட் போடுகிற வெடிப்புக்குள் தள்ளினேன். அவள் சொல்லை மாற்றிக்கொண்டாள். இப்போது காடோ என்று தொடங்கி, என்னென்னவோ சொல்லி, கடைசியில் "குடசாய்" என்று முடிக்கிறாள். தயவுசெய்து என்று அர்த்தமாம், பஹ்மி போனில் சொன்னான். வெள்ளத்துக்குள் போகிற வாகனம் குடைசாய் என்று சொன்னால் நான் அதை ஆரிடம் போய்த் தயவுசெய்து என்று விளங்கப்படுத்துவேன்?

வியாழக்கிழமை அக்காவால் மூச்சே விட முடியவில்லை. நான் ஜீப்பைப் பின்வளவுக்குள் வைத்தே ஸ்டார்ட் பண்ணி, ஜப்பான்காரி சொல்லி முடித்த பிறகு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறினாள். மதகடியில் தண்ணீர் கதவுக்குக் கீழே தட்டியது. நடுவில் போனதும் எல்லா லைட்டும் ஒருமிக்க எரிந்து, இஞ்சின் நின்றது. நாலு பக்கமும் வெள்ளம். வயல் வட்டையும் தெரியவில்லை, றோட்டும் தெரியவில்லை. திறப்பில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். முறுக்கினால் ஜப்பான்காரி பேசுவாள். முறுக்காவிட்டால் இங்கேயே இருக்க வேண்டியதுதான்.

"ஏன் பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க? முறுக்குங்க."

"மறுகா அவள் கதைப்பாள்."

"கதைக்கட்டும். அவள் கதைச்சு முடிச்சாத்தானே நாம போகலாம்."

முறுக்கினேன். காடோவில் தொடங்கிக் குடசாயில் முடித்தாள். அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு சிரித்தாள் மச்சான், மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள்.

"இந்தத் தண்ணிக்குள்ள நிண்டு குடைசாயச் சொல்றாளே, இவளுக்குச் சொந்தம் எண்டு ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

ஜீப் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகியது. தண்ணீர் முடியும் வரைக்கும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்குக் கியர் மாற்ற முடியவில்லை. ஆசுபத்திரியில் அவளை மெஷினில் போட்டார்கள். அந்த மெஷினிலும் சிவப்பு லைட், இந்த ஜீப்பிலும் சிவப்பு லைட். அங்கே எரிந்தால் தாதி ஓடி வருகிறார். இங்கே எரிந்தால் பஹ்மி போன் எடுக்கிறானில்லை. வெளியே வாங்கில் இருந்துகொண்டு, இந்த இரண்டையும் நம்பித்தான் இனி எங்கள் சீவியம் என்று நினைத்தேன்.

ஆகையால் மச்சான், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ அக்காவுக்கு ஒரு போன் எடு. அது காட்டைத்தான் கேட்கிறது, வேறு ஒன்றுமில்லை என்று நீ சொல். நீ சொன்னால் நம்புவாள். அன்று ஏறியவள் இனியும் ஏறுவாளோ தெரியாது, இன்னொரு தவணை விட்டால் தாங்கமாட்டாள். இதை நான் பகிடிக்கு எழுதவில்லை.

உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியுங்கள். மாமாங்கத்தார் உங்கள் எல்லாரையும் நோய்நொடியில்லாமல் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அத்தான்,
அருமைநாயகம்.

பி.கு: கடிதத்தை ஒட்ட மறந்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று. நீ போன் எடுக்க வேண்டாம். இன்று செவ்வாய், தவணை நாள். வெள்ளம் வடிந்துவிட்டது. அக்கா தானே ஏறினாள். ஆசுபத்திரி வாசலில் நிறுத்தியதும் சொன்னாள்: "அது காட்டைக் கேக்குது எண்டு எனக்கு எப்பவோ தெரியும். பஹ்மித் தம்பி வயர் கட்ட வந்த அண்டே, உங்களுக்கு முதல் நான்தான் கேட்டன்."

"மறுகா ஏன் புள்ள போகாம கிடந்தாய்?"

"ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் கண்டிப்போய்க் கிடக்கு. போகாம இரிக்க ஒரு சாட்டுத் தேடினன். வாகனம் தானா வந்து ஒண்டு தந்துது."

"அப்ப வியாழக்கிழமை ஏன் ஏறினாய்?"

"வாசல்ல கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டு நீங்க நிண்ட நிலையைப் பாத்தன். சாட்டுச் சொல்ல வாய் வரல்ல."

இறங்கிக் கதவைச் சாத்தினேன். அவளும் இறங்கிக் கதவைச் சாத்தினாள். நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. திறப்பு உள்ளே இருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இரத்தம் சுத்திகரித்து முடிந்து வெளியே வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.