ஆஃப்லைன் அண்ணனின் சம்படமும் என் கொட்டாவியும்

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கூட நாலு வார்த்தை சேர்த்துவிடுவார்கள். ஒரு மனிதர் ஒன்பது வருடம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த சொத்தை, ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தி நான் அழித்தேன். எதற்காக? டிவியில் வந்த என் முகத்தைப் பதிவு செய்து பார்ப்பதற்காக. அந்த முகம் டிவியில் என்ன செய்துகொண்டிருந்தது? கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

சொத்துக்காரர் பெயர் ஆஃப்லைன் அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. அதை வீட்டு ஓனர்கூடக் கூப்பிட்டதில்லை. இந்தப் பூமியில் சொந்தம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த கடைசி மனிதர் அவர்தான். நாமெல்லாம் மூச்சைக்கூட மாதச் சந்தாவில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரவணம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம். நானும் ஜோசப்பும் ஐ.டி. கம்பெனி. அண்ணன் பம்ப் செட் கம்பெனியில் டிராயிங் போடுபவர், எங்களைவிடப் பத்து வயது பெரியவர். வீட்டுக்கு ஒரே மோடம். அது ஹாலில், போன வருடக் காலண்டருக்குக் கீழே, பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணை அவ்வப்போது பிடுங்கி அணைப்பதுதான் அண்ணனுடைய வாழ்க்கை லட்சியம்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கு வீடியோ கேம் வாங்கும் பைத்தியம். வாங்குவது மட்டும், விளையாடுவது அபூர்வம். அதுவும் எல்லாக் கடையிலும் வாங்க மாட்டார். நான் வாங்குகிற பெரிய ஆன்லைன் கடையில், வாங்கிய பிறகும் சாவி கடைக்காரனிடமே இருக்கும். ஒவ்வொரு முறையும் லாகின் செய்து, 'ஐயா, நான்தான், வந்திருக்கிறேன்' என்று சொன்னால்தான் கேம் திறக்கும். அண்ணன் வாங்குவதோ டி.ஆர்.எம். இல்லாத ஒரு சின்னக் கடையில். அங்கே பூட்டே கிடையாது. காசைக் கொடுத்து ஃபைலை இறக்கி வைத்துக்கொண்டால் அது உங்களுடையது. கடை மூடினாலும், நெட் செத்தாலும், ஓடும்.

ஓடுமா என்று பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு கேம் வாங்கியதும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிடுவார். வீடே இருண்ட கண்டம் ஆகிவிடும். உள்ளறையிலிருந்து ஜோசப்பின் அலறல் வரும்.

"அண்ணா! மேனேஜர் லைன்ல இருக்காருங்க!"

"ரெண்டே நிமிசமுங்க தம்பி. நெட்டு இல்லாம ஓடுதான்னு பாத்துப்போட்டுக் குடுத்தர்றேன்."

"உங்க லேப்டாப்புல மட்டும் வைஃபையை ஆஃப் பண்ணுனா பத்தாதுங்களா?"

"லேப்டாப்பு 'ஆஃப் பண்ணிட்டேன்'னு சொல்லுமுங்க. அது சொன்னா நீங்க நம்பிப்போடுவீங்களா? நான் ஒயரை நம்பறவனுங்க."

அந்த இரண்டு நிமிடத்தில், "இந்த வேலையை எடுத்துக்க யாருக்காவது கஷ்டம் இருக்குதா?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். ஜோசப்பின் பக்கம் சத்தமே இல்லை. வேலை அவன் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு மாதாகோயிலில் ஜோசப் மண்டியிடும்போதெல்லாம் அவன் உதடு 'மோடம்' என்று அசைவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அண்ணனைக் கிண்டல் செய்வதில் முன்வரிசை ஆள். என் கணக்கில் அப்போது நூற்றுக்கு மேல் கேம் இருந்தது. அவரிடம் அதில் பாதிகூட இல்லை. "மியூசியம் எப்பண்ணா திறப்பு விழா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தேன்.

கடவுள் இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தார் போல. ஒரு தீபாவளி விடுமுறையில், நானும் ஊருக்குப் போகாமல் கேம் ஆடியே தீர்ப்பது என்று முறுக்கோடு உட்கார்ந்த நேரம், குழாய்க்குக் குழி தோண்ட வந்த பொக்லைன் எங்கள் தெருவின் நெட் கேபிளை ஒரே கடியில் துண்டாக்கிவிட்டுப் போய்விட்டது. ஆட்கள் பண்டிகை முடிந்துதான் வருவார்களாம். போன் டேட்டாவும் தீர்ந்துவிட்டது. என் நூற்றுச் சொச்சம் கேமும் ஒரே குரலில் 'லாகின் செய்க' என்றன.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் கொடுமை.

"ஏனுங்க தம்பி, உங்க கேமெல்லாம் எங்கீங்க இருக்குது?"

"லைப்ரரில இருக்குதுங்க."

"லைப்ரரி எங்கீங்க?"

"நெட்டுல."

"நெட்டு எங்கீங்க?"

ஜன்னல் வழியே தெருவைக் காட்டினேன். குழியில் சேறு நின்றது. ஒரு நாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அப்ப குழிக்குள்ள இருக்குதுன்னு சொல்லுங்க" என்றுவிட்டு, தன் லேப்டாப்பை என் முன்னால் வைத்தார். அந்த மூன்று நாளும் நானும் ஜோசப்பும் அவருடைய கேம்களைத்தான் முறை வைத்து ஆடினோம். மியூசியத்தில் டிக்கெட் கூடக் கேட்கவில்லை.

இப்படிக் கையில் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதருக்கு ஒரு ஓட்டை இருந்தது. இல்லாத ஒரு கேமுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தார். ப்ரீ-ஆர்டர். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் இரண்டே பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்த கேம். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன், விடாத மழை, நீங்கள்தான் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் எப்போதாவது வரும். அதுவரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேமே.

வெளியீட்டுத் தேதிக்கு அண்ணன் ஆபீஸில் லீவு போடுவார். குளித்து, விபூதி பூசி, லேப்டாப் முன் உட்காருவார். 'மன்னிக்கவும், இன்னும் ஆறு மாதம்' என்று மெயில் வரும். ஆறு மாதம் கழித்து மறுபடி லீவு, மறுபடி விபூதி, மறுபடி மெயில்.

"உங்களை ஏமாத்தறாங்கண்ணா" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஆளே ரெண்டு பேருதானுங்க. அதுல ஒருத்தருக்கு முதுகு வலி."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெயில்ல எழுதியிருக்காங்களே. ஒத்தடம் குடுக்கச் சொல்லிப் பதில் போட்டுட்டனுங்க."

ஜோசப்தான் உண்மையைக் கண்டுபிடித்தான். "அண்ணா, அது ரயிலுக்குக் காத்திருக்கற கேமு. நீங்க அந்தக் கேமுக்கே நாலு வருசமா காத்திருக்கீங்க. நீங்க ஆல்ரெடி ஆடிட்டுதாண்ணா இருக்கீங்க!"

ஐந்தாவது லீவில் ரயில் வந்தேவிட்டது. அண்ணன் ஃபைலை இறக்கினார். எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினார். அன்று ஜோசப் அலறவில்லை. அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். திரையில் மழை பெய்தது. தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்துக்குப் பிறகு தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. அண்ணன் கொடியைக் காட்டி ரயிலை அனுப்பிவைத்தார். லேப்டாப்பை மூடினார்.

"போதுமுங்க. வந்துருச்சு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் தூசி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடமே அண்ணன் கேம் வாங்குகிற அந்தக் கடை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. வாங்கியதையெல்லாம் ஒரு மாதத்துக்குள் இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு எங்களிடம் எதுவும் இருக்காது. ஸ்டேஷன் கேமைச் செய்த அந்த இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள், அவர்களுடைய வலைத்தளமும் போய்விட்டது. அதாவது, மழை பெய்யும் அந்த ஸ்டேஷன் இனி வாங்கியவர்களுடைய டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். அண்ணன் மாதம் முழுக்க இறக்கினார். எல்லாவற்றையும் இரண்டு நகலாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார்.

அப்போது எங்கள் கூடும் கலைந்துகொண்டிருந்தது. ஜோசப்புக்கு பெங்களூரில் வேலை. எனக்குக் கல்யாணமாகி ஆர்.எஸ்.புரத்தில் வீடு. அண்ணன் அப்பாவின் விசைத்தறிப் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டுக்கே திரும்புகிறார். கிளம்புகிற அன்று இறுக்கமான மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படத்தை என் கையில் கொடுத்தார். உள்ளே துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். ஈரம் படாமலிருக்க, ஷூ டப்பாக்களிலிருந்து சேர்த்த சின்னச் சின்ன மருந்துப் பொட்டலங்கள் சுற்றிலும்.

"ரெண்டும் ஒரே ஊட்டுல இருக்கப்படாதுங்க. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. ஆருகிட்டக் குடுக்கறதுன்னு ரொம்ப யோசிச்சுத்தான் குடுக்கறனுங்க."

அந்த யோசனையில் எங்கே தவறு நடந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

போன பொங்கலுக்கு உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று எங்கள் பக்கத்து மண்டபத்தில் சிறப்புப் பட்டிமன்றம் நடத்தியது. பார்வையாளர்களில் மூன்றாவது வரிசையில் நான். ஒளிபரப்பாகும் நாளைச் சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பதிவு செய்து வைத்தால் பிற்காலத்துக்கு உதவும் என்று தோன்றியது. யாருடைய பிற்காலத்துக்கு என்று யோசிக்கவில்லை. கேபிள் பெட்டியின் பின்னால் டிஸ்க் செருகினால் பதிவாகும். டிஸ்க் வேண்டுமே?

"ஏனுங்க, அந்தச் சம்படத்துல ஒண்ணு சும்மாதான கெடக்குது?" என்றாள் என் மனைவி கவிதா.

அவள் மேல் பழி போட மாட்டேன். செருகியது நான். 'இந்த டிஸ்க்கைப் பதிவுக்குத் தயார் செய்யட்டுமா?' என்று டிவி கேட்டது. என்ன மரியாதை! இதுவரை எந்தக் கருவியும் என்னிடம் இப்படிப் பணிவாகக் கேட்டதில்லை. 'சரி' என்று அழுத்தினேன். தயார் செய்வது என்றால் துடைத்து எடுப்பது என்று, பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டரில் சோறு தின்ற எனக்குத் தோன்றவில்லை.

ஒளிபரப்பில் நான் இரண்டு நொடி வந்தேன். அந்த இரண்டு நொடியும் வாய் முழுதாகத் திறந்திருந்தது. "கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தையாட்ட இருக்குதுங்க, காட்டீருங்க" என்றாள் கவிதா. என் முதல் திரை விமர்சனம்.

டிஸ்க்கைத் திரும்பச் சம்படத்தில் வைத்தேன். ஒன்றும் தெரியாத சந்தோஷத்தில் இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஈரோட்டிலிருந்து போன்.

"ஏனுங்க தம்பி, சௌக்கியமுங்களா? பட்டறைப் பஞ்சுத் தூசி புகுந்து எங்கிட்ட இருந்த டிஸ்க்கு போயிருச்சுங்க. சம்படம் பத்திரமா இருக்குதுங்களா? ஞாயித்துக்கிழமை வாரேன்."

"பத்திரமா இருக்குதுங்கண்ணா" என்றேன். சம்படம் பத்திரமாகத்தான் இருந்தது. எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல். நான்.

காந்திபுரத்தில் அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்றுக்கு ஓடினேன். கடைக்காரர் டிஸ்க்கைத் தடவிப் பார்த்து, "கல்யாண வீடியோங்களா சார்?" என்றார். கேம் என்றதும் அவர் கண்ணில் இருந்த இரக்கம் வடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"எல்லாம் துண்டு துண்டா வருதுங்க சார். ஒண்ணும் தேறாது. ஒரே ஒரு வீடியோ மட்டும் முழுசா இருக்குதுங்க. யாரோ ஒருத்தர் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்காரு. அவரை வெச்சுக்கறதுங்களா, அழிச்சரட்டுங்களா?"

சனிக்கிழமை முழுக்க அண்ணனுக்கு மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன். அதற்கு எந்த மெஷினும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். இளைத்திருந்தார். தலையில் அங்கங்கே பஞ்சு, அல்லது நரை. பழசு போய்ப் புதிதாக வாங்கிய லேப்டாப்பையும் தூக்கி வந்திருந்தார். காபியைக் குடித்துவிட்டு, "ரொம்ப நாளாச்சுங்க, ஒருக்கா அந்த மழையைப் பாக்கோணும்" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பொங்கல், பட்டிமன்றம், பொத்தான், காந்திபுரம், ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். ஒன்பது வருடத்துச் சொத்து, இரண்டு பேர் முதுகு வலியோடு கட்டிய ஸ்டேஷன், எல்லாம் என் சொத்தைப் பல்லுக்காகப் போயிற்று என்று சொல்லி முடித்துச் சம்படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அண்ணன் சம்படத்தைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்தார். பிறகு எழுந்து எங்கள் வீட்டு மோடத்தைத் தேடிப் போய் ஒயரைப் பிடுங்கினார். "ஏனுங்க, நெட்டு போயிருச்சு!" என்று உள்ளேயிருந்து கவிதா கத்தினாள். அவர் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் செருகினார். திரையில் நான் வாயைத் திறந்தேன். மூடினேன். இன்னொரு முறை ஓட்டினார். திறந்தேன். மூடினேன்.

"ஓடுதுங்க" என்றார். டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, பொட்டலங்களைச் சுற்றிலும் அடுக்கி, சம்படத்தை அழுத்தி மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, அது எதுக்குங்க? அதுலதான் கேமு ஒண்ணுகூட இல்லீங்களே?"

"நீங்க இருக்கறீங்கல்லங்க."