லாஃப்ட்டில் ஒளித்த கொடைக்கானல் பாசி

மலர்க்கொடிக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளையாவது ஒளித்து வைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து யாரும் சாதிக்காத காரியம். யாரும் என்றால் நான்தான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஒளிக்க வேண்டிய பொருள் நகை இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. பாசி. கொடைக்கானலில் ஒரு பாறையில் மெத்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த பாசி. நான் கடலூரில் ஒரு காலேஜில் தாவரவியல் வாத்தியார். சிதம்பரத்தில் பார்ட் டைமாக பிஎச்.டி. எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் டாக்டர் ஆகிவிட்டார்கள். பின்னால் சேர்ந்தவர்களும் ஆகிவிட்டார்கள். அந்த 2009 மழைக்காலத்தில் என் கைடு, பேராசிரியர் சபாபதி, கறாராகச் சொல்லிவிட்டார்.

"தில்லைநாதன், இந்தப் பாசிக்காவது சரியான பேரைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க. இல்லன்னா வேற கைடு பாத்துக்குங்க."

மலர்க்கொடிக்கோ பாசி என்றாலே ஆகாது. போன வருஷம் ஏற்காட்டிலிருந்து பாசியோடு ஒரு கல்லைச் சுமந்து வந்தேன். சாயங்காலம் பார்த்தால் கல் பளபளவென்று சிரிக்கிறது.

"ஒரே வழுக்கலா இருந்துச்சு மாமா. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சிட்டேன்."

"அடிப்பாவி! அது என் ஆராய்ச்சிடி!"

"ஆராய்ச்சிய யாராச்சும் வாசப்படியில வைப்பாங்களா?"

ஆகவே இந்த முறை தந்திரம் செய்தேன். நிஜமான கொடைக்கானல் பாசியைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு லாஃப்ட்டில் ஏற்றினேன். எங்கள் பாத்ரூம் பின்சுவரில், எவ்வளவு தேய்த்தாலும் மழைக்கு மறுபடி மண்டிவிடும் பாசியைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டலம் கட்டி, 'கொடைக்கானல்' என்று எழுதி மேஜைமேல் வைத்தேன். தூக்கிப் போடுவதென்றால் அதைப் போடட்டும். என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

மறுநாளே மீன் தூண்டிலில் சிக்கியது.

"மாமா, பக்கத்து வீட்டு சவரியம்மா அக்கா கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. மலை மேல ஒட்டப் பாசி வேணுமாம். மேஜை மேல இருக்கறத குடுத்துடட்டுமா?"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தேன். "மலரு, என் உசுரையே கேக்கறியே!"

"வேணாம்னா விடுங்க."

"இல்ல, இல்ல. நீ கேட்டு நான் இல்லன்னு சொல்லிருக்கனா? எடுத்துக்கோ. ஆனா மனசு தாங்குமா தெரியல. கிள்ளைக் கடற்கரை நண்டு வாங்கிக் குழம்பு வெச்சா ஒருவேளை தாங்கும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நண்டுக் குழம்பு வந்தது. சுவர்ப் பாசிக்கு நண்டு! மூன்றாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காரத்தால் இல்லை, பெருமையால்.

அவள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து டப்பாவை இறக்கினேன். மலையில் பறித்தபோது கொட்டுகிற மழை. லென்ஸை வெளியே எடுக்கக்கூட விடவில்லை. இப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்க்கிறேன். புத்தகத்தைத் திறந்தேன். மலைப்பாறையில் மெத்தையாக வளரும் அந்த வகைப் பாசிக்கு ஒவ்வொரு இலை நுனியிலும் வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்தால் இலைகள் தண்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

என்னுடையதில் முடி இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. காய்ந்த இலையின் ஓரங்கள் வெற்றிலை மடிப்பதுபோல் உள்பக்கம் சுருண்டிருந்தன. சொட்டுத் தண்ணீர் விட்டேன். இலை விரிந்தது. முடி வரவில்லை. இலை உள்ளே சுருள்வது சமவெளிச் சுவர்ப் பாசியின் குணம் என்றது புத்தகம். ஆனால் நான் பறித்தது கொடைக்கானல் பாறையில்! அப்படியென்றால்?

புது இனம்! உலகத்தில் எவனும் பார்க்காத பாசி!

உடனே சபாபதி சாருக்கு போன் போட்டேன்.

"சார், இது புதுசு சார்!"

"நாளைக்கு எடுத்துட்டு வாங்க. புதுசா இல்லன்னா, நீங்க வர்றதே அதான் கடைசி."

காலையில் குளித்து, விபூதி பூசி, டப்பாவோடு இட்லிக்கு உட்கார்ந்தேன். இதற்குமேல் மறைப்பானேன்?

"மலரு, நான் ஒரு புதுப் பாசி கண்டுபிடிச்சிருக்கேன். அதுக்கு உன் பேரைத்தான் வைக்கப்போறேன். உலகம் இருக்கற வரைக்கும் புத்தகத்துல உன் பேரு இருக்கும்."

இட்லி வைத்த கை அப்படியே நின்றது. "எது, அந்த லாஃப்ட்டு டப்பாவுல இருக்கறதா?"

"உனக்கு எப்படி...?"

"ஏன் மாமா, ஊர்ல வேற பாசியே கெடைக்கலியா? பாத்ரூம் செவுத்துப் பாசிக்கா என் பேரு வைக்கப்போறீங்க?"

இட்லி தொண்டையில் நின்றது. தண்ணீரை அவளே கொடுத்தாள்.

"ஸ்டூல் மேல உங்க கால்தடம் இருந்துச்சு. ஏறிப் பாத்தேன். நரைச்ச தாடி மாதிரி வெள்ள வெள்ளையா முடி வெச்ச பாசி ஒண்ணு டப்பாவுல. மேஜை மேல நம்ம செவுத்துது. வாராவாரம் தேய்க்கிறவ நான், காஞ்சா சுருட்டிக்கிற அந்தச் சனியன எனக்குத் தெரியாதா? சரி, கேட்டுப் பாப்போம், உண்மையச் சொல்றாரான்னு பாத்தேன். நீங்க நண்டு கேட்டீங்க. அதான் டப்பாவுலயும் செவுத்துப் பாசியையே போட்டு வெச்சேன்."

"அப்ப என் பாசி? தேய்ச்சுட்டியா?"

எழுந்து போய்க் கடுகு டப்பாவைக் கொண்டுவந்தாள். கடுகு இல்லை. பேப்பரில் மடித்து, ஈரம் படாமல், என் கொடைக்கானல் பாசி.

"நீங்க ஜென்மத்துல தெறக்காத டப்பா இதான். ஒளிச்சு வைக்கணும்னா என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?"

லென்ஸை வைத்தேன். ஒவ்வொரு இலை நுனியிலும் வெள்ளை முடி. இலைகள் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இட்லி ஆறுவதற்குள் பேர் கிடைத்துவிட்டது. புத்தகத்தில் நூறு வருஷமாக இருக்கிற பேர். அந்தச் சுவர்ப் பாசியை நான் சிதம்பரத்துக்குக் கொண்டுபோயிருந்தால்? மலர்க்கொடி என் மானத்தையும் படிப்பையும் கடுகு டப்பாவில் போட்டுக் காப்பாற்றியிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயே" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கையை உருவிக்கொண்டாள்.

சபாபதி சார் பாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு சரி. ஆனா புதுசுன்னீங்களே?"

"வீட்ல திருத்திட்டாங்க சார்."

"குடுத்து வெச்சவர்யா நீங்க. ஆய்வேட்ல முதல்ல அவுங்களுக்கு நன்றி போடுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

போட்டேன். ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே, கைடுக்கும் மேலே, எட்டு வரி. ஒவ்வொரு வரியும் மனதாரச் சொன்னது. அன்று சாயங்காலம் அதை அவளிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசமாவே இவ்ளோ நன்றியா மாமா?"

"உயிர் இருக்கற வரைக்கும்!"

உள்ளே போய் பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துவந்து என் கையில் வைத்தாள். பின்சுவரைப் பாதி தேய்த்திருப்பேன். காம்பவுண்டுப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"சவரியம்மாக்கா, உங்க வீட்டுச் செவுத்துலயும் பாசி ஜாஸ்தியா இருக்காமே? ஞாயித்துக்கெழம நீங்க நிம்மதியா பூசைக்குப் போயிட்டு வாங்க, டாக்டர அனுப்பி வைக்கிறேன்."