ஹேஸ் நம் குடும்பத்துப் பெண் இல்லை

கொச்சங்காடி,
ஞாயிறு.

இல்லை மாமா, ஹேஸ் நம் குடும்பத்துப் பெண் இல்லை. நமஸ்காரம், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். மாமியின் முழங்கால் தேவலையா? நான் சௌக்கியம். அதாவது, நேற்றுக் காலை வரை.

தவறு என்னுடையது. நீங்கள் கேட்டது குடும்ப வம்சாவளி. நான் அனுப்பியது என் ஆராய்ச்சியின் வம்சாவளி. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர். ஆனால் அதைப் பத்தடி ஃப்ளெக்ஸாக அடித்து, திருப்பூணித்துறையில் குடும்ப சங்கமத்தின் பந்தி வாசலில் கட்டுவதற்கு முன் ஒருவராவது வாசித்திருக்கலாம். அதில் இருப்பவர்கள் மனிதர்களே இல்லை மாமா. ஹேஸ் முதல் எல்லாம் கஞ்சா ரகங்கள். கலிபோர்னியாவில் கலந்த விதைகள் எண்பதுகளில் ஹாலந்துக்குப் போய், அங்கே மறுபடி மறுபடி கலக்கப்பட்ட சரித்திரம். நான் ஓர் இலையைக்கூடத் தொட்டதில்லை. மூன்று வருஷமாகக் காகிதம்தான்.

நேற்றே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் இருந்த 'ஆப்கானி' யாரென்று ஒருவர் கேட்டதற்கு, பட்டாளத்தில் இருந்த பெரிய தாத்தாவின் பட்டப்பெயர் என்று இன்னொருவர் விளக்கினார். ஹாலந்து என்றதும், மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை இருக்கிறதே, சம்பந்தம் இல்லாமலா போகும் என்றார்கள். ஹேஸின் முன்னோர் வரிசையில் 'தென்னிந்தியா, பெயர் தெரியவில்லை' என்று ஒரு கட்டம். கமலாக்ஷி சித்தி அதன்மேல் விரலை வைத்து, "நம்மாத்துப் பொண்ணுதான். பொண்ணுகள் பேரை எவன் எழுதி வெச்சான்?" என்றாள். நேற்று அங்கே பேசியதில் அது ஒன்றுதான் சரித்திரம்.

பிறகு நீங்கள். கலந்து பிறந்த செடியைத் தாய்ச்செடியின் வம்சத்தோடு திரும்பவும் இணைப்பதற்கு ஒரு வளைந்த கோடு போட்டிருந்தேன். அதைக் காட்டி மைக்கில் சொன்னீர்கள்: "சொந்தத்துக்குள்ளே கொடுத்தாத்தான் குணம் நிக்கும்னு அவளே எழுதியிருக்கா, பாருங்கோ." எழுதியிருந்தேன். செடிக்கு. அடியில் தயாரித்தவள் என்று இருந்த என் பெயரைக் கடைசி வாரிசாக்கி, பக்கத்தில் மார்க்கரால் ஒரு காலிக் கட்டம் வரைந்து, உங்கள் பிள்ளை சுதர்ஷனின் பெயரை எழுதச் சொல்லி மார்க்கரை என்னிடம் நீட்டினீர்கள். இருநூறு பேர் முன்னால். சுதர்ஷன் என் அம்மாஞ்சி. அந்தச் சொல்லுக்கு மாமா பிள்ளை என்றும் அர்த்தம், அசடு என்றும் அர்த்தம். கூடத்துக் கோடியில் சாயா கிளாஸோடு நின்றவனைப் பார்த்தபோது இரண்டும் பொருந்தியது.

முடியாது மாமா. கடிதம் கண்டதும் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடுங்கள், அந்தக் கட்டத்தோடு. பெரியவர்களுக்கு நமஸ்காரம். ஃபோனில் அதைப் படம் எடுத்த சின்னவர்கள் அதை அழித்துவிட்டால் அவர்களுக்கும் என் ஆசி.

சுபாஷிணி

பி.கு.: உறையை ஒட்டும்போது சுதர்ஷன் ஃபோன் செய்தான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நார்தர்ன் லைட்ஸை ஹேஸுக்குப் பொண்ணாப் போட்டிருக்கே. பொண்ணில்லை, ஜோடி" என்றான். அதுவும் ஒரு கஞ்சா ரகம். இருநூறு பேரில் அவன் ஒருவன்தான் வாசித்திருக்கிறான். எப்படித் தெரியும் என்று நீங்கள் கேளுங்கள், நான் கேட்கவில்லை. புத்தகங்களை எடுத்துச் சரிபார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. ஆய்வேட்டில் திருத்தினேன். பிறகு என் பிரதியில், என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, அவன் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.