சடை விஷயமாக அண்ணிக்கு

பேரன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் அம்மாவும் நலம். சாப்பாடு, தூக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அங்கு நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது இதைப் படித்தால் நல்லது. உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வீடியோ காலில் அம்மாவின் சடையைப் பார்த்து, "இந்த வயசுலயும் எப்படி இருக்கு பாருங்க" என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னீர்களே, அது அம்மாவின் சடைதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது அவர் தலையில் இல்லை. அவர் குளிர் என்று தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, சடையை அவர் தோள்மேல் வருகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் போன் துண்டிக்கப்பட்டதற்குக் காரணம் சிக்னல் கோளாறு அல்ல. எனக்குத் தும்மல் வந்துவிட்டது. சடை நழுவி அவர் மடியில் விழ, அவர் முகம் மாறாமல் போனை அணைத்துவிட்டார்.

நாத்தனார் சமயம் பார்த்துப் பழி தீர்த்துக்கொண்டாள் என்று உங்கள் பக்கத்துச் சொந்தங்கள் பேசுவார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். நமக்குள் ஆயிரம் இருக்கலாம், அதையெல்லாம் உங்கள் அம்மாவின் தலையில் காட்டுகிற ஆள் நான் இல்லை. இந்த முதியோர் குடியிருப்பின் பார்லரில் எனக்கு வேலை வாங்கித் தந்ததே நீங்கள்தான். ஒரே நாற்காலி, ஒரே தொட்டி, தலைமேல் கவிழ்க்கும் ஒரே ட்ரையர் என்றாலும் இது எனக்குப் பிடித்த இடம். வெளியே வேலை பார்த்தபோது வந்தவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டே உட்காருவார்கள். இங்கே சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டு, காது மிஷினைக் கழற்றி வாங்கி வைத்து, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டிக் கொடுப்பதற்குள் ஒரு மருமகளின் கதை முடிந்து அடுத்தவள் கதை ஆரம்பமாகியிருக்கும்.

எல்லாம் டாக்டரால் வந்தது. அம்மாவின் முட்டிக்குத் தண்ணீருக்குள் நடக்கிற பயிற்சி நல்லது என்று அவர் சொன்னார். இங்கே கழுத்தளவு ஆழத்தில் ஒரு குளம் இருக்கிறது, ஆனால் ரப்பர் தொப்பி போடாமல் உள்ளே விடமாட்டார்கள். அம்மாவின் கொண்டையைத் தொப்பிக்குள் திணித்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பயிற்சி சொல்லித் தரும் பெண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து மாட்டினோம். அம்மா தண்ணீரில் இறங்கி ஒரு கும்பிடு போட்டார், தொப்பி பட்டென்று எகிறிப் போய் எதிரே நின்ற ரிட்டயர்டு பேங்க் மேனேஜரின் வாயில் அடித்தது, அவர் பல்செட் தண்ணீருக்குள் போய்விட்டது, பயிற்சி நின்று எல்லோரும் பல் தேடினார்கள். அம்மா மட்டும் கரையேறி, சொட்டச் சொட்ட நேராக பார்லருக்கு வந்து, காது மிஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு விரல்" என்றார்.

நான் நுனியில் இரண்டு விரல் அளவுக்கு வெட்டினேன். அவர் தரையைப் பார்த்தார். "இதுக்கா ஒரு பார்லர்? ரெண்டு விரல் விட்டுட்டு மிச்சத்த எடு."

"அத்தை, அண்ணி என்னை உயிரோட விடமாட்டாங்க" என்றேன்.

"ஆமா, வெயில் இன்னிக்குக் கம்மிதான்" என்றார்.

மிஷினை அவர் காதில் மாட்டிவிட்டு மறுபடியும் சொன்னேன். "முதல்லயே கேட்டுச்சு" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு இது அழகு. எனக்குக் கை தோளுக்கு மேல போகலம்மா. காலைல யாராவது வந்து பின்னிவிடற வரைக்கும் ரூம்லயே உக்காந்திருக்கேன். எல்லாரும் நடந்துட்டு திரும்பி வந்துடறாங்க. இத அவகிட்ட சொன்னா அழுவா."

அண்ணி, முடியைச் சடையாகப் பின்னினேன். மேலே ஒரு ரப்பர் பேண்டு, கீழே ஒரு ரப்பர் பேண்டு போட்டு வெட்டினேன். ஒரே வெட்டில் வரவில்லை, அவ்வளவு அடர்த்தி. கத்தரி தடுமாறியது, எனக்கும் கண் கலங்கியது. அவர் பின்னங்கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "காத்து படுது" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை அவரால்.

மதியம் சாப்பாட்டு அறை வாசலில் இங்கத்து மேனேஜருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "யாரப் பாக்க வந்திருக்கீங்க மேடம்?" என்று கேட்டிருக்கிறார். "என்னைத்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் அறையைப் பெருக்க வந்த பெண், அம்மா தலையணைக்கு அடியில் வைத்து, வெளியே எட்டிப் பார்த்த சடையைப் பாம்பு என்று நினைத்து வாளியோடு மாடிப்படியில் உருள, நல்லவேளையாகக் கடைசி இரண்டு படிதான், செக்யூரிட்டி கம்போடு வந்து சடையை நாலு சாத்து சாத்திவிட்டார். நீங்கள் வீடியோவில் பார்த்தது அடி வாங்கிய பிறகு நான் சீவிச் சரிசெய்து பின்னியது. மறுநாள் பக்கத்து அறை டீச்சரம்மா எனக்கும் அப்படியே என்று வந்து நின்றார். மேனேஜர் ஓடி வந்து, வீட்டாரைக் கேட்காமல் இனி யாருக்கும் வெட்டக்கூடாது, மீறினால் வேலை போய்விடும் என்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்க முடி போனப்போ வீட்ல கேட்டுட்டா போச்சு?" என்றார். அவர் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். ஆனாலும் நீங்கள் ஒரு வார்த்தை புகார் சொன்னால் என் வேலை அவ்வளவுதான்.

ஆகவே அண்ணி, அம்மாவுக்கும் இப்போது உள்ளூர வருத்தம்தான். இனி முடி வளர்ப்பதாக என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அவர் தலையில் இனிக் கத்தரி வைப்பதில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். நீங்கள் இந்த ஞாயிறுக்குப் பதில் அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு வந்தால் தோள்வரை வளர்ந்திருக்கும். பெரிய மனது பண்ணுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசியும் முத்தமும்.

என்றும் உங்கள் நலம் விரும்பும், இப்போது கொஞ்சம் கூடுதலாகவே விரும்பும்,
நாத்தனார்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போதே அம்மா வந்து, முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். வருத்தம் என்று யார் சொன்னது, அந்த வரியை அடி என்கிறார். நீங்கள் ஞாயிறு கட்டாயம் வரவேண்டுமாம். குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரையும் பிடிக்காமல் அவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்பதைப் பார்க்கவேண்டுமாம். நீங்கள் வரும்போது பளிச்சென்று இருக்கவேண்டும், காதுக்குமேல் இன்னும் கொஞ்சம் எடு என்றார். எடுத்துவிட்டேன். கடிதத்தைப் பிரிக்கும்போது மடியில் வெள்ளையாக ஏதாவது உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அம்மாவுடையதுதான்.