மச்சானுக்கு நீ அனுப்பிய பனியன்

என் அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதே. கை கால் இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி, நேற்று நடந்ததைக் கேள். கடலுக்கு அந்தப்பக்கம் உங்கள் ஊரில் எல்லோரும் பழையபடி துணி வாங்க ஆரம்பித்துவிட்டார்களாம், அதனால் எங்கள் தையல் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள், ஆனால் தடுப்பூசி போட்டவர்கள்தான் உள்ளே வரலாமாம், ஊசி எங்கே இருக்கிறது, உங்கள் ஊரில் இருக்கிறது, நீ மூன்றாவதும் போட்டுக்கொண்டாய், வேண்டாம் என்பவர்களுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நீதானே சிரித்தாய், இங்கே முதல் ஊசியே பள்ளிக்கூடத்தில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். உன் மச்சான் போனபிறகு அவர் துணிகளைத்தான் உடுத்துகிறேன். நேற்று உடுத்தியது நீ அவருக்கு அனுப்பிய மஞ்சள் பனியன். நர்ஸம்மா என் நெஞ்சைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, போட்டவங்களே திரும்ப வந்து நின்னா மத்தவங்க எங்க போவாங்க?"

"நான் எங்கம்மா போட்டேன்?"

"அப்ப இதென்ன? 'நான் தடுப்பூசி போட்டுக்கொண்டேன்'னு நெஞ்சுலயே எழுதிட்டு வந்திருக்க!"

எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பூ டிசைன் மாதிரி. உன் மச்சானுக்கும் அப்படித்தான். அன்றைக்குக் கொரோனாவில் மூச்சு வாங்கும்போதுகூட, "நல்ல சட்டையோட போனாத்தான்டி மதிப்பாங்க" என்று அதைத்தான் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் ஓடுகிற ஓட்டத்தில் அவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "போட்டவர்தானே, ஒண்ணும் ஆகாது, வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க, இங்க கட்டில் இல்ல" என்றார். எதைப் போட்டவர் என்று நான் கேட்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார். "பாத்தியா, உன் தம்பி சட்டைக்கு என்ன மரியாதை!" என்று உன் மச்சான் சிரித்தார் தம்பி. மறுநாளே போய்விட்டார்.

அது எனக்கு நேற்று, அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில்தான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து எழுவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. அடுத்து எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாதாம்.

உன்மேல் தப்பில்லை, ஆசையாகத்தான் அனுப்பினாய். ஆனால் இனிமேல் எதையும் அனுப்பாதே. அந்தப் பனியனை நான் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன்.

நீ குடும்பத்தோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மடித்ததைப் பிரித்து எழுதுகிறேன். இன்று கம்பெனி வாசலில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனேன். வேறு துணி காயவில்லை, அந்தப் பனியன்தான். வாட்ச்மேன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "உள்ள போங்கக்கா" என்று கேட்டைத் திறந்துவிட்டார். வேலையில் சேர்ந்துவிட்டேன். என் லைனில் கூடத் தைக்கிற பெண்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். கிடைக்கிற பனியன்களை எல்லாம் சீக்கிரம் அனுப்பு. அளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்களே பிடித்துத் தைத்துக்கொள்வோம்.