கசிவு இல்லை என்று நான் போட்ட கையெழுத்து

"இன்னைலேர்ந்து இந்த வீட்ல ஒரு சொட்டு கசியக் கூடாது!" என்று நான் சபதம் எடுத்தபோது காலை மணி ஐந்தேகால். என் சட்டையின் இடது பக்கம் முழுக்க ஈரம். ஈரத்துக்குக் காரணமானவர் என் மார்மேல் படுத்துக்கொண்டு, என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது ஏழு மாதம். வீட்டில் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். நேரங்காலம் பார்க்காமல் அழைப்பார், காரணம் சொல்ல மாட்டார், நாம் செய்த எதிலும் திருப்தி கிடையாது. வேறு என்ன பெயர் வைப்பது?

என் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் அவமானத்தின் அளவு உங்களுக்குப் புரியும். நான் தண்ணீர் டேங்க் செய்யும் கம்பெனியில் கசிவு பார்க்கிறவன். டேங்கை நிரப்பி ஒரு நாள் முழுக்க வைப்போம். மறுநாள் மூட்டு மூட்டாகக் காகிதத்தை ஒற்றி எடுப்பேன். காகிதம் காய்ந்தே வந்தால் ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடுவேன். 'சோதிக்கப்பட்டது. கசிவு இல்லை.' அதோடு முடியவில்லை. யார் கையெழுத்துப் போட்டானோ, அந்த டேங்க் அவன் பிள்ளை. பத்து வருஷம் கழித்துக் கசிந்தாலும் அவனேதான் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் கம்பெனி வழக்கம் அது. பதினோரு வருஷத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். அங்கேயும் வீட்டுக்காரர் டேங்கில் ஆணி அடித்திருந்தார்.

இப்பேர்ப்பட்டவன் வீட்டில் தினமும் விடிகாலையில் படுக்கை நனைந்தால் எப்படி இருக்கும்?

மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். "ஏங்க, இன்னைக்கும் போச்சா?"

"போகல. என்மேலதான் இருக்கு."

"இன்னும் ஆறு நாள்தாங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பிரசவ லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். டாக்டர் கையை நீட்டினால், கேட்டது கேட்டபடி அந்தக் கையில் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கத்தி கேட்டவருக்குக் கத்தரிக்கோலைக் கொடுத்தால்? போதாததற்கு மேனேஜரின் தொடையிடுக்கு சிவந்து தடித்திருந்தது. மருந்து தடவும்போது அவர் முகத்தைச் சுளித்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் உள்ள டேங்குக்கெல்லாம் உத்தரவாதம் கொடுக்கிறேன், பெற்ற பிள்ளையை ஓர் இரவு ஈரமில்லாமல் தூங்கவைக்கத் தெரியவில்லை.

"ஒரு முடிவுக்கு வருவோம்" என்றாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள கசியாம நின்னுதுன்னா, ராத்திரி டியூட்டி ஆளுக்குப் பாதி. நிக்கலைன்னா முழு ராத்திரியும் உங்களுது. நான் பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்கிடுவேன்."

"நிக்கும். நான் யாருன்னு நினைச்சே?"

"அதுக்கு அந்த டயப்பர் சைஸை..."

"இரு, இரு. நீ ஆபரேஷனைப் பாரு. கசிவு என் டிபார்ட்மென்ட்."

அவள் லேசாகச் சிரித்துவிட்டு மேனேஜரை வாங்கிக்கொண்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போனேன்.

"ராத்திரி முழுக்கத் தாங்கற டயப்பர் எதுங்க?"

"எல்லாத்துலயும் பன்னெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு சார்."

"போட்டிருக்கு சரி. தாங்குமா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நான் கட்டிப் பாத்ததில்ல."

ஆறு வகையில் ஆறு பாக்கெட் வாங்கினேன். மறுநாள் லீவு போட்டேன். சமையலறை மேடையில் ஆறு டயப்பர்களையும் வரிசையாக விரித்து, நீல மை கலந்த தண்ணீரை அளந்து ஊற்றினேன். அடியில் காகிதம் வைத்து ஒற்றினேன். ஆறும் பாஸ்!

அப்புறம்தான் உறைத்தது. மேனேஜர் மேடைமேல் விரித்துப் போட்ட மாதிரியா தூங்குகிறார்? குப்புறப் படுப்பார், ஒருக்களிப்பார், இரண்டு சுற்றுச் சுற்றி என் காதில் உதைப்பார். எடையும் எட்டு கிலோ. எனவே எட்டு கிலோ மாவை ஒரு துணிப் பையில் கட்டி, அதற்கு டயப்பர் போட்டு, உள்ளே ஒரு ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டுக்கொண்டே பையை இப்படியும் அப்படியும் உருட்டினேன்.

மனைவி மேனேஜரை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சோதனை."

"மாவு பிசைஞ்சாச்சா? உப்பு போட்டீங்களா?"

மேடை முழுக்க நீல மாவு. மேனேஜர் கைதட்டிச் சிரித்தார். அவர் என் உழைப்பைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் சோதனை வீண்போகவில்லை. தண்ணீர் தொடையோரமாகத்தான் கசிகிறது என்று கண்டுபிடித்தேன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வைத்தியம், வாஷரை இறுக்கு! உடனே ஓடிப்போய் ஒரு சைஸ் சின்னதாக ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். தொடையோரம் மெல்லிசாக நீட்டிக்கொண்டிருந்த ஃப்ரில்லை, வாஷரை மடிப்பதுபோல நேர்த்தியாக உள்ளே மடித்துவிட்டேன்.

"ஏங்க, சைஸை..."

"குறைச்சாச்சு!"

"அதில்லீங்க, நான் என்ன சொல்றேன்னா..."

"காலைல பேசிக்கலாம். காகிதம் பேசும்."

வியாழக்கிழமை காலை காகிதத்துக்கு அவசியமே இருக்கவில்லை. மேனேஜர் கழுத்து வரைக்கும் நனைந்திருந்தார். தண்ணீர் மேலிருந்து கீழேதான் போகும் என்று பதினோரு வருஷமாக நம்பியவன் நான். எங்கள் வீட்டில் அது கீழிருந்து மேலே போயிருந்தது. அதைவிடக் கொடுமை, அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்த தடம். அதைத் தடவிக்கொடுக்கும்போது என் கண் கலங்கிவிட்டது. அவர் வழக்கம்போல மூக்கைப் பிடித்து இழுத்தார்.

மனைவி காலண்டரில் விரலை வைத்து நாளை மட்டும் எண்ணிக் காட்டினாள். நான்கு.

அன்று இரவு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர். மேனேஜரால் காலைச் சேர்க்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஸ்டூலில் உட்கார்ந்தவர் மாதிரி அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை இரண்டும் ஈரம். செலவு இரண்டு, கசிவு ஒன்று!

வேலையில் எனக்கு நிதானமே இல்லை. எங்காவது குழாய் சொட்டினால் தூக்கிவாரிப் போட்டது. சூப்பர்வைசர் வந்து, "அந்தப் பெரிய டேங்க் எப்படி இருக்கு?" என்றார். "ராத்திரி எத்தனை தடவை முழிச்சுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போடப் பையைத் திறந்தால், ஏழு மஞ்சள் அட்டை வைத்ததாக ஞாபகம், ஐந்துதான் இருந்தன. தூக்கமில்லாதவன் எண்ணினால் அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையும் ஈரம். மிச்சம் ஒரே ஓர் இரவு. இனிமேல் வருஷக்கணக்கில் நான் தூங்கப்போவதில்லை என்று கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டேன்.

மாலையில் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் ஆறு மாத இரட்டைப் பெண் குழந்தைகள். கொட்டாவி விட்டுக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், ராத்திரி கசியுதாமே?"

"மெதுவா பேசுங்க. நான் கசிவு பாக்கறவன்."

"மூணே விஷயம் சார். ராத்திரிக்கு மட்டும் ஒரு சைஸ் பெருசா போடுங்க."

"பெருசா? லூசா இருந்தா கசியாதா?"

"இறுக்கிப் போட்டா உறிஞ்சினது ஊதறதுக்கு எடம் எங்க சார்? வெளியதான் வரும். ரெண்டாவது, அந்தத் தொடையோரத்து ஃப்ரில். அதை விரலை விட்டு வெளிய இழுத்து விடணும்."

நான் நேர்த்தியாக மடித்த மடிப்பெல்லாம் என் கண்முன் வந்துபோயிற்று.

"மூணாவது?"

இன்னும் குரலைத் தாழ்த்தினார். "பையன் சமாச்சாரம் சார். கட்டும்போது அது கீழ பாத்து இருக்கணும். மேல பாத்து இருந்தா மேலதான் போகும்."

கழுத்து வரைக்கும் ஏறிய ஈரத்தின் மர்மம் அந்தப் படிக்கட்டில் விலகியது. அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் கேக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கொட்டாவியோடு இறங்கிப் போனார்.

கடைக்கு ஓடினேன். பெரிய சைஸ் வாங்கினேன். "பகலெல்லாம் யோசிச்சு ஒரு புது முறை கண்டுபிடிச்சிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்படியா!" என்று அவள் கண்ணை அகலமாக விரித்தாள். "உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தோணுது?"

"அனுபவம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் சத்தமே இல்லை. பயந்துபோய் எழுந்து பார்த்தேன். மேனேஜர் கட்டிலை ஒட்டியிருந்த தொட்டிலில் மல்லாந்து படுத்து, தன் கால் விரலைத் தானே கடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை எடுத்துக் கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை, விரிப்பு என்று ஒற்றினேன். எல்லா இடத்திலும் காய்ந்தே வந்தது! தொடைச் சிவப்புகூடக் கொஞ்சம் தணிந்திருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஆடினேன்.

மனைவி ஒரு மஞ்சள் அட்டையையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்ன இது?"

"உங்க பையிலேர்ந்துதான் எடுத்தேன். மேனேஜர் பாஸ் ஆயிட்டாருல்ல? ஊரான் டேங்குக்கெல்லாம் போடறீங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு கையெழுத்து போட மாட்டீங்களா?"

இதைவிடப் பெரிய பாராட்டு ஒருவனுக்கு என்ன வேண்டும்? தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். தொட்டிலின் கம்பியில் நானே கட்டினேன். முடிச்சுக்குமேல் முடிச்சு.

"நல்லா கட்டியிருக்கீங்களா?"

"அறுத்தாத்தான் வரும்."

"நல்லது. ஏங்க, உங்க கம்பெனில யாரு கையெழுத்து போட்டாங்களோ, கடைசிவரைக்கும் அவங்கதானே பொறுப்பு?"

"ஆமா. பத்து வருஷம் ஆனாலும்..."

பாதியிலேயே என் கண் தொட்டிலில் தொங்கிய அட்டைக்குப் போனது.

"ராத்திரி ஆளுக்குப் பாதின்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சொன்னேன்."

"அது டேங்குக்குப் போட்ட வழக்கம்மா!"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன். கையெழுத்து போட்டவன்தான் அப்பன்னு நீங்கதானே சொல்வீங்க? இவருக்கு அப்பன் யாரு?"

இந்தக் கேள்விக்கு எந்த ஆண்பிள்ளையால் வேறு பதில் சொல்ல முடியும்? அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பகல் பத்து மணிக்கே பழக்கப்படுத்திக்கொள்கிறாளாம்.

மேனேஜரைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். தோற்றாலும் நன்றி சொல்லாமல் இருக்கலாமா? கதவைத் திறந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கண் இரண்டும் கோவைப்பழம். தோளுக்கு ஒன்றாக இரண்டு பெண்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது.

"சார், உங்களுக்கு ரெண்டும் பொண்ணு. பையன் சமாச்சாரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வீட்லதான் சொல்லி அனுப்பினாங்க சார். தான் சொன்னா நீங்க காதுல வாங்க மாட்டீங்களாம். ஆம்பளை சொன்னா கேப்பீங்களாம். வரிக்கு வரி மனப்பாடம் பண்ணிச் சொன்னேன்."

அவர் தோளுக்குப் பின்னால் இரண்டு தொட்டில்கள் தெரிந்தன. இரண்டிலும் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை தொங்கியது. எங்கள் கம்பெனி அட்டை, என் பையில் குறைந்த அதே இரண்டு. இரண்டிலும் அவர் கையெழுத்து.

"நீங்களுமா?" என்றேன்.

"வியாழக்கிழமைலேர்ந்து" என்றார் அவர். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பேச்சுத் துணை வேணும்னா ஜன்னலைத் தட்டுங்க சார், நான் முழிச்சிட்டுத்தான் இருப்பேன்."